மூடிய பெட்டியின் விலையும் திறந்த பெட்டியின் விலையும்: பேஸ்போல் அட்டைகள் சொல்லும் வியாபாரப் பாடம்

விற்காமல் எஞ்சிப் போன சரக்கை என்ன செய்வது என்பது, சிறிய கடை வைத்திருப்பவர் முதல் பெரிய மொத்த வியாபாரி வரை எல்லோரையும் தூங்கவிடாத கேள்வி. அமெரிக்காவில் ஒரு கம்பனி அப்படி எஞ்சிய சரக்கைப் படகில் ஏற்றிக் கடலில் கொட்டியது. அதே சரக்கில் தப்பிப் பிழைத்த ஒரேயொரு துண்டு 2022 ஆம் ஆண்டில் ஒரு கோடியே 26 இலட்சம் டொலருக்கு விற்பனையானது. அதே நாட்டில் வேறொரு காலத்தில் இலட்சக்கணக்கானோர் அதே வகைச் சரக்கை, "பிற்காலத்தில் விலை ஏறும்" என்று நம்பிப் பெட்டி பெட்டியாக வீட்டில் அடுக்கி வைத்தார்கள். அதில் பெரும்பாலானது அவர்கள் எதிர்பார்த்த விலைக்குப் போகவில்லை.

கொட்டியது பொன்னானது, பத்திரப்படுத்தியது குப்பையானது. ஏன்? இந்த வாரம் அந்தக் கேள்வியைத்தான் ஆராயப் போகிறோம். நாம் எடுத்துக்கொள்ளும் சரக்கு, பேஸ்போல் விளையாட்டு வீரர்களின் படம் அச்சிட்ட சிறிய அட்டை. பேஸ்போல் நமக்குப் பழக்கமில்லாத விளையாட்டாக இருக்கலாம். ஆனால் அந்த அட்டை வியாபாரத்துக்குள் இருக்கும் கேள்வி, நிரம்பல், இருப்பு, நம்பிக்கை ஆகியவை நமது கடைகளிலும் தினமும் இருப்பவைதான்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

அமெரிக்காவில் 1880களிலேயே சிகரெட் கம்பனிகள் தமது பக்கெட்டுகளுக்குள் வீரர்களின் பட அட்டைகளை வைக்க ஆரம்பித்தன. மெல்லிய பக்கெட் நசுங்காமல் இருக்க ஓர் அட்டை தேவைப்பட்டது. அதிலேயே படத்தை அச்சிட்டால் விளம்பரமும் ஆயிற்று. பிற்காலத்தில் சுவிங்கம் கம்பனிகள் இந்த யுக்தியைக் கையில் எடுத்தன. 1938 இல் புரூக்ளின் நகரில் ஆரம்பிக்கப்பட்ட டொப்ஸ் கம்பனி, 1951 இல் பேஸ்போல் அட்டைகளை வெளியிடத் தொடங்கியது. முதலில் சுவிங்கம் விற்பதற்காகவே அட்டை கொடுக்கப்பட்டது. சில வருடங்களில் நிலைமை தலைகீழாகி, அட்டைக்காகவே மக்கள் பக்கெட்டை வாங்கினார்கள். 1990களின் ஆரம்பத்தில் டொப்ஸ் சுவிங்கத்தையே எடுத்துவிட்டது. அதன் கறை அட்டையில் படிகிறது என்று சேகரிப்போர் முறைப்பட்டதும் ஒரு காரணம். இலவசப் பொருள் முதலாளியாகி, முதலாளி வெளியே போன கதை இது.

இப்போது ஒரு பெட்டியைத் திறந்து பார்ப்போம். 1989 ஆம் ஆண்டின் டொப்ஸ் பெட்டியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மெழுகுத் தாளில் சுற்றப்பட்ட 36 பக்கெட்டுகள். ஒவ்வொன்றிலும் 15 அட்டைகளும் ஒரு துண்டு சுவிங்கமும் இருக்கும். மொத்தம் 540 அட்டைகள். அந்த வருடத்தின் முழுத் தொகுதியில் இருப்பதோ 792 வெவ்வேறு அட்டைகள்.

அனுபவமுள்ள சேகரிப்பாளர் இதை அவசரமாகக் கிழிப்பதில்லை. கையைக் கழுவித் துடைத்துவிட்டு, அட்டைகளை ஓரங்களில் மட்டும் பிடித்து ஒவ்வொன்றாக நகர்த்துவார். முகப்பில் விரல் பட்டால் அடையாளம் விழும். மூலை ஒன்று மழுங்கினால் விலை பாதியாகும். நல்ல அட்டை வந்தால் உடனே மெல்லிய பிளாஸ்டிக் உறையில் இட்டு, அதன்மேல் கடினமான உறையையும் போடுவார். மற்றவற்றை இலக்க வரிசைப்படி அடுக்குவார். இரட்டை வந்தவற்றை மாற்றிக்கொள்வதற்காகத் தனியே வைப்பார். இறப்பர் பட்டி போட்டுக் கட்டமாட்டார், அது ஓரங்களை வெட்டிவிடும். எதை விற்பது, எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்ற மூன்று தீர்மானங்களும் அந்த மேசையிலேயே நடந்துவிடுகின்றன. புதிய சரக்கு வந்து இறங்கும் நாளில் நமது களஞ்சியத்தில் இந்த ஒழுங்கு இருக்கிறதா என்று ஒரு கணம் யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது பெட்டி ஏன் நட்டமாகிறது?

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஒருவர் 792 அட்டைகளையும் சேர்த்து முழுத் தொகுதியாக்க விரும்புகிறார். அட்டைகள் முற்றிலும் எழுமாறாகக் கலக்கப்பட்டுள்ளன என்று வைத்துக்கொள்வோம்.

முதல் பெட்டியின் 540 அட்டைகளில் சுமார் 390 அவருக்குப் புதியவை. மீதி 150 ஏற்கனவே வந்தவற்றின் இரட்டைகள். இரண்டாவது பெட்டியில் புதிதாகக் கிடைப்பது சுமார் 200. மூன்றாவது பெட்டியில் சுமார் 100. நான்காவதில் சுமார் 50. பெட்டியின் விலை மாறவில்லை. அதிலிருந்து கிடைக்கும் பயன் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ பாதியாகிறது. இப்படியே பெட்டி வாங்கிக்கொண்டு போனால் கடைசி அட்டையும் கிடைப்பதற்குச் சராசரியாக 5,700க்கும் மேற்பட்ட அட்டைகளை, அதாவது பத்துக்கு மேற்பட்ட பெட்டிகளைத் திறக்க வேண்டும்.

உயர்தரத்தில் வர்த்தகம் படித்தவர்களுக்கு இது குறைந்து செல்லும் எல்லைப் பயன்பாட்டு விதி என்று நினைவு வரும். ஆனால் கெட்டிக்காரச் சேகரிப்பாளர் பத்துப் பெட்டி வாங்குவதில்லை. ஒன்றோ இரண்டோ பெட்டியைத் திறந்துவிட்டு, தன் இரட்டைகளை அடுத்தவரின் இரட்டைகளோடு மாற்றிக்கொள்கிறார். கடைசியில் தேவைப்படும் சில அட்டைகளைத் தனித்தனியாகக் காசு கொடுத்து வாங்குகிறார். "எனக்கு மிஞ்சியது அவருக்குத் தேவை, அவருக்கு மிஞ்சியது எனக்குத் தேவை" என்பதே இதன் அடிப்படை. ஒரே வீதியில் ஒரே வகைச் சரக்கு விற்கும் இரண்டு கடைக்காரர்கள், ஒருவர் கடையில் தேங்கிய அளவையும் நிறத்தையும் மற்றவருக்கு மாற்றிக் கொடுத்தால் இருவரின் பணமும் சுழலும். ஆனால் நாம் போட்டி என்ற பெயரில் அடுத்த கடையின் வாசலை மிதிப்பதில்லை. குறையை நிரப்புவதற்கு இறக்குமதியாளரிடம் போய் மீண்டும் முழுப் பெட்டியையே இறக்குகிறோம்.

கடலில் கொட்டிய சரக்கு

இனி ஆரம்பத்தில் சொன்ன விடயத்துக்கு வருவோம். டொப்ஸ் கம்பனி 1952 இல் 407 அட்டைகள் கொண்ட தொகுதியைக் கட்டம் கட்டமாக வெளியிட்டது. அதை வடிவமைத்தவர் சை பெர்கர் என்ற ஊழியர். 311 முதல் 407 வரையான கடைசிப் பகுதி கடைகளுக்கு வந்து சேர்ந்தபோது பேஸ்போல் பருவம் முடியும் தறுவாய். பிள்ளைகளின் கவனம் அமெரிக்கக் கால்பந்தின் பக்கம் திரும்பிவிட்டது. சரக்கு தேங்கியது. பெருநாள் முடிந்த மறுநாள் வந்து சேர்ந்த உடுப்புக் கொள்கலன் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பல வருடங்கள் களஞ்சியத்தில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த அந்த அட்டைகளை எவரும் மலிவுக்குக்கூட வாங்கவில்லை. 1960 அளவில் அவற்றைப் படகில் ஏற்றிக்கொண்டு போய் அட்லாண்டிக் கடலில் கொட்டியதாகப் பெர்கரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார்.

அந்தக் கடைசிப் பகுதியின் முதலாவது அட்டை, அதாவது 311 ஆம் இலக்கம், மிக்கி மென்டில் என்ற வீரருடையது. அவர் பிற்காலத்தில் அமெரிக்காவின் பெரும் நட்சத்திரமானார். கடலுக்குப் போகாத சில பிரதிகள் மட்டுமே நல்ல நிலையில் எஞ்சின. அவற்றில் ஒன்று 1991 இல் 50,000 டொலருக்குக் கைமாறி, 2022 ஓகஸ்ட்டில் ஏலத்தில் 12.6 மில்லியன் டொலருக்குப் போனது. 31 வருடங்களில் 252 மடங்கு. வருடத்துக்கு ஏறத்தாழ 19 முதல் 20 வீத வளர்ச்சி.

இதைக் கேட்டவுடன், "அன்று கொட்டாமல் வைத்திருந்தால் எவ்வளவு இலாபம்" என்று நினைக்கத் தோன்றும். அதுதான் தவறான பாடம். கொட்டாமல் வைத்திருந்தால் அந்த விலையே வந்திருக்காது. ஆயிரக்கணக்கான பிரதிகள் சந்தையில் கிடந்திருக்கும். இல்லாமல் போனதுதான் எஞ்சியதற்கு விலையைக் கொடுத்தது. அத்துடன் டொப்ஸைப் பொறுத்தவரை 1960 இல் அந்தத் தீர்மானம் சரியானதே. சரக்கு அடைத்துக்கொண்டிருந்த இடத்துக்கும் ஒரு விலை உண்டு. அதனைத்தான் அமையச் செலவு என்கிறோம்.

எல்லோரும் பத்திரப்படுத்திய காலம்

பழைய அட்டைகளின் விலை ஏறுகிறது என்ற செய்தி 1980களில் அமெரிக்கா முழுவதும் பரவியது. தகப்பன்மார் தாம் சிறுவயதில் எறிந்துவிட்ட அட்டைகளின் விலையைக் கேட்டு மனம் நொந்தார்கள். அதே பிழையைப் பிள்ளைகள் விடயத்தில் விடக்கூடாது என்று தீர்மானித்தார்கள். புதிய பெட்டிகளை வாங்கித் திறக்காமலே நிலவறைகளில் அடுக்கினார்கள். பிள்ளையின் பல்கலைக்கழகச் செலவுக்கு இது போதும் என்று நம்பியவர்களும் இருந்தார்கள்.

நிரம்பல் பக்கத்தில் என்ன நடந்தது? 1956 இல் பௌமன் கம்பனியை வாங்கிய பின்னர் டொப்ஸ் ஏறத்தாழ தனிக்காட்டு ராஜாவாக இருந்தது. பிளியர் கம்பனி அதற்கெதிராக வழக்குத் தொடுத்து 1980 இல் வென்றதைத் தொடர்ந்து, 1981 இல் பிளியரும் டொன்ரஸும் சந்தைக்குள் வந்தன. அதே வருடம் மேன்முறையீட்டில் தீர்ப்பு மாறியது. தடை சுவிங்கத்தோடு விற்கும் அட்டைக்குத்தான் என்பதால், பிளியர் ஸ்டிக்கரையும் டொன்ரஸ் படப்புதிர்த் துண்டையும் வைத்து விற்றன. 1988 இல் ஸ்கோர் வந்தது. 1989 இல் அப்பர் டெக் தரமான கடதாசி, போலி செய்ய முடியாத ஹொலோகிராம் அடையாளம், பிரித்து ஒட்ட முடியாத பளபளப்பு உறை ஆகியவற்றோடு கூடிய விலைக்கு வந்தது. அதன் முதலாம் இலக்க அட்டையில் இருந்த கென் கிரிபி ஜூனியர் பெரும் வீரரானார்.

கேள்வி கூடக்கூட எல்லாக் கம்பனிகளும் அச்சியந்திரத்தை நிறுத்தாமல் ஓட்டின. எவ்வளவு அச்சிடுகிறோம் என்று அவை வெளியே சொல்லவில்லை. வாங்கியவர்கள் எவரும் எறியவும் இல்லை. எல்லோரும் ஒரே பொருளை ஒரே நேரத்தில் பத்திரப்படுத்தினால் அது எப்படி அரிதாகும்? 1994 ஓகஸ்ட் 12 இல் வீரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கி, அந்த வருட இறுதிப் போட்டித் தொடரே இரத்தானபோது இரசிகர்கள் வெறுத்துப்போனார்கள். சந்தை சரிந்தது. ஸ்கோரின் தாய்க் கம்பனி 1998 இல் முறிந்தது. 2005 இல் பிளியர் மூடப்பட்டு, அதன் பெயரும் சொத்துக்களும் 6.1 மில்லியன் டொலருக்கு அப்பர் டெக்கிடம் போயின. பிற்காலத்தில் இந்தக் காலத்துக்கே "குப்பை மெழுகுக் காலம்" என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது இதுதான். அந்தத் தகப்பன்மார் முட்டாள்கள் அல்லர். அவர்கள் பார்த்த விலைகள் உண்மையானவை. ஆனால் "பழையது என்பதால் விலை" என்று விளங்கிக்கொண்டார்கள். உண்மை "இல்லை என்பதால் விலை" என்பதே. வயது ஒரு பொருளுக்குப் பெறுமதியைக் கொடுப்பதில்லை. கேள்வி இருக்க, நிரம்பல் குறைந்தால்தான் பெறுமதி.

செயற்கையாக உண்டாக்கிய தட்டுப்பாடு

கம்பனிகளும் இதை விளங்கிக்கொண்டன. சாதாரண அட்டைகளைத் தாராளமாகக் கொடுத்து, அவற்றுக்குள் மிகச் சில விசேட அட்டைகளை ஒளித்து வைக்கும் முறை வந்தது. 1990 இல் அப்பர் டெக், ரெஜி ஜாக்சன் என்ற வீரர் கையொப்பமிட்டு இலக்கமிட்ட 2,500 அட்டைகளைப் பக்கெட்டுகளுக்குள் கலந்து விட்டது. பின்னர் வீரர் அணிந்த சட்டையின் துண்டு பதித்த அட்டைகள் வந்தன. இறுதியில் உலகத்திலேயே ஒரு பிரதி மட்டும் என்ற அட்டைகளும் வந்தன. உதாரணமாக, 2020 ஆம் ஆண்டின் டொப்ஸ் முதலாம் தொடர்ப் பெட்டியில் 24 பக்கெட்டுகள். ஒவ்வொன்றிலும் 14 அட்டைகள். 336 அட்டைகளில் கையொப்பமோ சட்டைத் துண்டோ உள்ள ஒன்று மட்டும் உறுதி.

2025 இல் பெரிதாகப் பேசப்பட்ட ஒரு செய்தி உண்டு. அமெரிக்காவில் 11 வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் பரிசாகக் கிடைத்த பெட்டியில், போல் ஸ்கீன்ஸ் என்ற பந்துவீச்சாளரின் ஒரே பிரதியான அட்டை வந்தது. அந்த வீரரின் அணியோ 30 வருடங்களுக்குப் பருவகால அனுமதிச் சீட்டுத் தருவதாகக் கேட்டது. குடும்பம் மறுத்து ஏலத்தில் விட்டது. 11 இலட்சத்துக்கும் மேற்பட்ட டொலர் கிடைத்தது. இப்படி ஒரு செய்தி வந்தால் எத்தனை ஆயிரம் பெட்டிகள் விற்பனையாகும் என்று எண்ணிப் பாருங்கள். வெறும் கையோடு போனவர்களைப் பற்றிச் செய்தி வருவதில்லை.

இது சூதாட்டம் இல்லையா என்று அமெரிக்காவிலேயே வழக்குகள் தொடரப்பட்டன. 2002 இல் ஒன்பதாவது சுற்று மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாறான வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. காசு கொடுத்தவர் அதற்குரிய அட்டைகளைப் பெற்றுவிட்டார். எதிர்பார்த்த விசேட அட்டை வராத ஏமாற்றம் சொத்து நட்டமாகாது என்பது அதன் நிலைப்பாடு. அது அந்நாட்டுச் சட்டம். என்ன இருக்கிறது என்று தெரியாத பொருளை விற்பதிலுள்ள "கரர்" என்ற பிரச்சினை நமது வியாபாரிகளுக்குப் புதிதல்ல. அதன் மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே வியாபாரக் கணக்கை மட்டும் பார்ப்போம்.

கணக்கு இதுதான். கடைக்காரரிடம் நூறு பெட்டிகள் இருக்கின்றன. அவற்றைத் திறந்து அட்டைகளைத் தனித்தனியே விற்றால் சராசரியாகப் பெட்டியின் விலையை விடக் கூடுதலாகக் கிடைக்குமென்றால், அவரே திறந்திருப்பாரே? ஏன் மூடியபடி உங்களுக்குத் தருகிறார்? மூடிய பெட்டிக்குள் சரக்கோடு எதிர்பார்ப்பும் இருக்கிறது. அந்த எதிர்பார்ப்புக்கும் சேர்த்துத்தான் விலை. திறந்த மறுகணம் எதிர்பார்ப்பு போய்விடும். சரக்கு மட்டும் எஞ்சும்.

இன்று இணையத்தில் நேரடி ஒளிபரப்பாகப் பெட்டி திறப்போர் இதை நன்கு அறிந்திருக்கிறார்கள். பேஸ்போலில் 30 அணிகள். அணிக்கொரு பங்காகப் பிரித்து, பெட்டியைத் திறக்கும் முன்பே 30 பேரிடமும் பணத்தை வாங்கிக்கொள்கிறார்கள். உள்ளே என்ன வந்தாலும் அவர்களுக்கு நட்டமில்லை. ஆபத்து முழுவதும் வாங்கியவரின் தலையில்.

தரமும் நம்பிக்கையும்

பழைய அட்டை என்று சொல்லப்படுவது அசலா, வெட்டித் திருத்தியதா என்ற சந்தேகம் இந்தச் சந்தையை ஒரு காலத்தில் அரித்தது. 1991 இல் பீஎஸ்ஏ என்ற நிறுவனம் அட்டைகளைப் பரிசோதித்து, 1 முதல் 10 வரை தரமிட்டு, பிளாஸ்டிக் உறையில் முத்திரையிடத் தொடங்கியது. படம் நடுவில் இருக்கிறதா, மூலைகள், ஓரங்கள், மேற்பரப்பு என நான்கு விடயங்களைப் பார்க்கிறார்கள். ஒரே அட்டைக்கு ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில் விலை பல மடங்கு வித்தியாசப்படும். வாங்குபவர் விற்பவரை நம்பாமலே வாங்க முடிந்ததால் சந்தை விரிந்தது.

மோசடியும் கூடவே வளர்ந்தது. சட்டைத் துண்டு அட்டை தடிப்பானது என்பதால், கடைகளில் பக்கெட்டை அமுக்கியும் நிறுத்தும் பார்த்து நல்லதைப் பொறுக்கி எடுத்தார்கள். கம்பனிகள் சாதாரண பக்கெட்டுகளிலும் தடித்த வெற்று அட்டையைப் போட்டு அதை முறியடித்தன. மெழுகுத் தாளைச் சூடாக்கித் திறந்து, நல்லதை எடுத்துவிட்டு மீண்டும் ஒட்டியவர்களும் உண்டு. 2022 ஜனவரியில், பிரபலமான ஒருவர் 35 இலட்சம் டொலர் கொடுத்து வாங்கிய போக்கிமொன் அட்டைப் பெட்டிகளைத் திறந்தபோது, உள்ளே வேறு மலிவான அட்டைகள் இருந்தன. திறக்கும்வரை அது 35 இலட்சம் டொலர்ப் பெட்டிதான்.

நாம் பெறும் பாடங்கள்

1. அடுத்தவர் எல்லோரும் சேமிக்கும் பொருளை நாமும் சேமிப்பதில் இலாபமில்லை. விலை ஏறும் என்று சரக்கைப் பதுக்கி வைப்பவர், தன்னைப் போல் இன்னும் எத்தனை களஞ்சியங்கள் நிறைந்திருக்கின்றன என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

2. தேங்கிய சரக்கின் உண்மையான விலை, நாம் அதற்குக் கொடுத்த விலையல்ல. இன்று ஒருவர் தரத் தயாராயிருக்கும் விலைதான். குறைந்த விலைக்கேனும் அதைப் பணமாக்கி, ஓடும் சரக்கில் போடுவதே முறை.

3. முதல் பெட்டியில் கண்ட இலாபம் மூன்றாவது பெட்டியிலும் வரும் என்று எண்ணக்கூடாது. ஓடர் கொடுக்கும்போது "நல்லாப் போச்சு" என்பது போதாது. இந்தத் தடவை புதிதாக யார் வாங்கப் போகிறார்கள் என்பதே கேள்வி.

4. தொழிலுக்கான காசையும் சந்தோஷத்துக்கான காசையும் கலக்கக்கூடாது. சேகரிப்பாளர் பெட்டியைத் திறப்பது ஒரு சந்தோஷம், அதற்கான செலவு. அதை முதலீடு என்று தன்னையே ஏமாற்றும்போதுதான் நட்டம் ஆரம்பமாகிறது. மொத்தமாகக் கிடைக்கும் மூட்டைச் சரக்கை உள்ளே பார்க்காமல் எடுக்கும்போது நமக்கும் இந்தக் கேள்வி எழ வேண்டும்.

5. வாங்குபவரின் சந்தேகத்தை நீக்குபவருக்குக் கூடுதல் விலை கிடைக்கும். தரத்தைப் பிரித்து, குறையைச் சொல்லி விற்பவர் அந்த ஒரு விற்பனையில் கொஞ்சம் இழந்தாலும், அடுத்த முறை அந்த வாடிக்கையாளர் பொருளைப் புரட்டிப் பார்க்காமலே வாங்கிப் போவார்.

இந்த வாரத்துக்கான வேலை

கடை பூட்டிய பின்னர் ஒருநாள் இரவு, ஒரு கொப்பியோடு உங்கள் களஞ்சியத்துக்குள் போங்கள். ஆறு மாதத்துக்கு மேல் அசையாத ஒவ்வொரு பெட்டியின் எதிரிலும் மூன்று இலக்கங்களை எழுதுங்கள்: வாங்கிய விலை, இன்று விற்கக்கூடிய விலை, அது பிடித்திருக்கும் இடத்துக்கான மாத வாடகை. பின்னர் ஒரு கேள்வி: "இந்தப் பெட்டி இப்போது என்னிடம் இல்லையென்றால், இன்றைய விலைக்கு நான் இதை வாங்குவேனா?" இல்லை என்பது பதிலானால், அது உங்களிடம் இருப்பதற்கும் காரணமில்லை.

சிலவற்றுக்கு இந்தப் பதிலை எழுதக் கை வராது. "இருக்கட்டும், ஒருநாள் விலை வரும்" என்று மனம் சொல்லும். அந்த வேளையில் அமெரிக்க நிலவறைகளில் திறக்காமலே மஞ்சளாகிப் போன பெட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் படிப்புக்கென்று வாங்கி வைத்த பெட்டிகள் அவை. பிள்ளைகள் படித்து முடித்துவிட்டார்கள். செலவுக்கான பணம் வேறெங்கிருந்தோ வந்தது. பெட்டிகள் மட்டும் இன்னும் அங்கேயே இருக்கின்றன.